பொன்னாங்காணி என்று நான் நம்பியது

மச்சான்,

மூன்று வருடமாக வாய் மூடியிருந்தது போதும். நேற்று, நீ போன முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டிச் சாப்பாட்டில் என் இலையில் பொன்னாங்காணி வறை விழுந்தது. தேங்காய்ப்பூவும் கீரையும் கலந்த அந்த மணம் எழுந்ததும் மண்டபம் மெல்ல மங்கி, எனக்கு முன்னால் ஓடை ஓடத் தொடங்கியது.

த பேசின் என்ற நம் மலையடி ஊருக்குக் கீழே, முழங்கால் வரை பனிமூட்டம் நிற்கும் சனிக்கிழமைக் காலை. நீ தொடங்கிய ஓடைக் காப்புக் குழுவில் அப்போது எட்டுப் பேர். தமிழர் நாம் இருவர்தான். மரங்கள் பாலில் தோய்த்தவைபோல நிற்கும். கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் அள்ளி வெளிச்சத்துக்குப் பிடிப்பாய். "இஞ்ச பார். மலையில பெஞ்ச மழையடா இது." நான் பாதித் தூக்கத்தில் பார்த்தபடி நிற்பேன். அந்த நேரங்களில் மட்டும் எனக்கு இந்த உலகத்தில் யாரோடும் பகை இருந்ததில்லை.

அப்படியொரு காலையில்தான் கரையோரம் படர்ந்திருந்த கீரையைக் கண்டு நீ நின்றாய். எனக்குச் சிரிப்பு.

"என்னடா, பேயைக் கண்டமாதிரி? பொன்னாங்காணி. என்ர வளவிலயும் நிக்குது."

நீ ஒரு தண்டை முறித்தாய். உள்ளே குழலாக இருந்தது. "பூவுக்கு நீளக் காம்பு, பார். உது பொன்னாங்காணி இல்லையடா, அலிகேற்றர் வீட் எண்ட களை. ஒரு துண்டு விழுந்தாலே ஓடையை மூடிப்போடும். நீ எங்கயடா கொட்டினனி?"

என் வேலிக்குப் பின்னால் ஓடைதான். வறைக்கு ஆய்ந்த மிச்சத்தையெல்லாம் எருவாகட்டும் என்று அங்கேதான் எறிந்திருந்தேன்.

குழுவின் அடுத்த கூட்டத்தில், களை யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டார்கள். நான் எழும்பவில்லை. நீ எழும்பினாய். "என்னுடைய தோட்டத்திலிருந்து" என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாய். ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. உன்னைக் குழுவிலிருந்து விலகச் சொன்னார்கள். கார் நிறுத்துமிடத்தில் உன் சட்டையைப் பிடித்தேன். "நீ நகரக் கவுன்சிலில வேலை செய்யிறாய், தெரிஞ்சா வேலை போயிடும். நான் வேலையை விட்டவன். பொத்திக்கொண்டு காரில ஏறு" என்றாய்.

அதற்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னைக் கேளாமலே என்னைக் கோழையாக்கினாய்.

உன்னால் எனக்கு ஒரு பழக்கம் மிச்சம். எந்த நீர்க்கரையிலும் கால் தானாக நிற்கிறது. குனிந்து ஒரு தண்டை முறித்துப் பார்க்கிறேன். சில கனவுகளிலும் அதையேதான் செய்கிறேன். நீ பக்கத்தில் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தபடி நிற்கிறாய்.

நேற்று, குழுவின் இப்போதைய தலைவர், பிறகு வந்து சேர்ந்த சிங்கப்பூர்த் தமிழர், என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். "ஓடையோரம் பெஞ்ச் போடுறோம் சார். இவர் பேரை வைக்கலாமான்னு கேட்டாங்க. களையைக் கொண்டுவந்தவர் பேரை எப்படி வைக்கிறது, சொல்லுங்க? புதன்கிழமை முடிவு பண்றோம்."

உன் மனைவி பாயாசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு என் குவளையை நிரப்பிவிட்டு நகர்ந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஆகவே உனக்கு எழுதும் இந்தக் கடிதம் குழுவின் முகவரிக்குப் போகிறது. தமிழ் தெரிந்த தலைவர் மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்வார். புதனுக்கு முன் சேர்ந்துவிடும். வாசித்ததும் யார் எழுதியது என்று அவர்களுக்கு விளங்கும். கவுன்சிலுக்கும் தெரியவரும். வரட்டும். ஆனால் அன்று உனக்காக ஒரு கேள்வி கேட்காதவர்களுக்கு என் கையெழுத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. ஒப்பமிடாமலே தபாலில் போடுகிறேன்.