மூணு பேர்ல வார வைஃபை

2024 பெப்ரவரி 1, வியாழன்

காலையிலேருந்து தூறல். சுபஹ் தொழுதுட்டு படுக்கவே இல்ல. ஞாயித்துக்கெழம நாநாட மக நதாவப் பாக்க தம்புள்ளயிலேருந்து திரும்பவும் வாறாங்க. முந்தி வந்தது சும்மா பாக்க, இது பேசி முடிக்க. மாப்புள பவாஸ், தம்புள்ளயில மரக்கறி மொத்த வியாபாரம். நல்ல பொடியன், பார்வ கீழ தான். அவன்ட உம்மா ஸுபைதா தான் கொஞ்சம் நிமிந்த மனிசி. என்னமோ, நாங்க பொண்ணு வீடு, குனிஞ்சிதான் போகணும்.

மைனி பஸ்லா வட்டலப்பத்துக்கு கித்துள் பாணி போதாதுன்னு சத்தம். என் கூடப்பொறந்த நாநா பதுர்தீனுக்கு சுவருக்கு பெயின்ட் அடிக்காதது கவல. எனக்கு வேற கவல. நதா போனா நான் யாரோட பேசுற? கைப்புள்ளயில தூக்கி வளத்தது நான். இந்த அலுவிகாரை வீட்டுக்கு நான் திரும்பி வந்த வருஷம் அவக்கு ஒரு வயசு.

நேத்து மௌலவிட பயான் டிவியில போட்டேன், அக்கம்பக்கத்து பொம்பளைங்க ஆறு பேரு வந்தாங்க. போன்ல ஒரு அமத்து, பெரிய டிவியில வருது. நாநாட மகன் றிஸ்கான் பழக்கித் தந்தது. "மாமி தான் இந்த வீட்டு ஸ்டேஷன்"னு அவன் நக்கல்.

பெப்ரவரி 4, ஞாயிறு

யா அல்லாஹ். யா அல்லாஹ். நான் என்ன செஞ்சிட்டேன்.

பெப்ரவரி 5, திங்கள்

எழுதினாலாவது நெஞ்சு எறங்குமா பாப்போம்.

காலையில வீட்டுக்கு பறக்கத்தா ஈக்கட்டும்னு யாசீன் ஓதுறத டிவியில போட்டேன். அது முடிஞ்சி டிவி கறுப்பா கெடந்திச்சு. போன்லேருந்து டிவிக்கு போறத நான் நிப்பாட்டல்ல. நிப்பாட்டணும்னு நெனவே வரல்ல. பதினொரு மணிக்கு அவங்க வந்தாங்க. நான் குசினியில கட்லட் பொரிக்கிறேன். அந்த நேரம் பாத்து வரக்காமுறையில ஈக்கிற தங்கச்சி மெஸேஜ் போடுறா, "ராத்தா நேத்து நீங்க அனுப்பின வொய்ஸ் கேக்குது இல்ல, ஒடையுது"ன்னு. அது என்ன நான் பேசினதுன்னு நானே போட்டுப் பாத்தேன். சத்தம் வரல்ல. கூட்டினேன். வரல்ல. இன்னம் கூட்டினேன். முழுக்க கூட்டினேன்.

எனக்கு கேக்காத சத்தம் முன் ஹோல்ல டிவியில போய்க்கிட்டு ஈந்திச்சு.

என்ட குரல்: "அந்த ஸுபைதா மனிசிட வாய்க்கு எவன் நிப்பான்? புருஷன் சும்மாவா போனான், வாயாலயே வெரட்டி ஈக்கிறா. இப்ப மகன்ட சல்லியில ஆட்டம்."

நான் ஓடி வார நேரம் நாநா டிவி வயர இழுத்து எடுத்துட்டாரு. நதா தேத்தண்ணி தட்டோட நிக்கிறா. அந்த மனிசி கோப்பய வெச்சா, முக்காட்ட இழுத்து விட்டா, ஸலாம் சொன்னா, எழும்பினா. பவாஸ் பின்னால போனான். போற நேரம் நதாவ ஒருக்கா திரும்பி பாத்தான். அதத்தான் என்னால மறக்க ஏலாது.

அந்த வொய்ஸ எல்லா எடத்துலயும் அழிச்சிட்டேன். அழிச்சி என்ன.

எனக்கு அத எழுதவும் வெக்கமா ஈக்கி, ஆனா இங்க எழுதாம எங்க எழுதுற. என்ட மனிசன் என்னய விட்டுட்டு போய் இருவத்தாறு வருஷம். ஊரு என்னப் பத்தி சொன்னதும் இதே சொல்லு தான். "இவட வாய்க்கு எவன் நிப்பான்." நான் எத்தன ராத்திரி அழுதேன் அதுக்கு. அதே சொல்ல எடுத்து இன்னொருத்திக்கு போட்டிருக்கேன். எப்பிடி வந்திச்சு என்ட வாயில?

பெப்ரவரி 7, புதன்

இன்னக்கி றிஸ்கான் கடைய நேரத்தோட மூடிட்டு வந்து லெப்டொப்ப வெச்சிக்கிட்டு ரவுட்டரோட இருந்தான். மாத்தளையில போன் கட வெச்சீக்கிறவன், இதெல்லாம் அவனுக்கு வெளயாட்டு. நாநா சொல்லித்தான் செய்றான்னு எனக்கு வெளங்கிச்சு.

"என்னடா செய்ற?"

"ரவுட்டர் ஒண்டு தான் மாமி. இனி மூணு பேர்ல வரும். ஒண்டு வீட்டுக்கு, டிவியும் அதில தான். ஒண்டு நதாட ஒன்லைன் கிளாஸுக்கு. மத்தது ஒங்களுக்கு."

"மூணு வயரா?"

"வயர் எல்லாம் ஒண்டு தான். டேங்க் ஒண்டு, பைப் மூணுன்னு வெச்சிக்கோங்களே. ஒங்கட பைப்பு தண்ணி மத்த பைப்புக்கு போகாது. ஒங்கட போனுக்கு இனி டிவி தெரியாது, டிவிக்கு ஒங்கட போன் தெரியாது. வீட்டில ஒருத்தர்ட போனும் தெரியாது."

"அப்ப மண்ண வெட்டி கபுருக்குள்ள வெச்ச மாதிரி."

அவன் சிரிச்சிட்டான். குசினியிலேருந்து மைனி, "றிஸ்கான், வேலய முடிச்சிட்டு சாப்பிட வா"ன்னா. அவன மட்டும் தான் கூப்பிட்டா. முந்தி மாமியையும் கூட்டிட்டு வான்னு சொல்லுவா.

பாஸ்வேர்டுக்கு ஒரு பேரு சொல்லுங்கன்னான். எனக்கு ஒண்டும் வரல்ல. எட்டு இலக்கம் அவனே போட்டான். "ஸ்பீட் கொஞ்சம் கொறச்சிதான் வெச்சீக்கி மாமி. வாப்பா சொன்ன"ன்னு மெதுவா சொன்னான். வெக்கப்பட்டான், பாவம்.

நான் கோவிக்கல்ல. நாநா செஞ்சது செரி தான். என்ட வாய கட்ட ஏலாதுன்னு தான் போன கட்டி ஈக்காரு.

பெப்ரவரி 9, வெள்ளி

அஸருக்குப் பொறகு பொம்பளைங்க பயான் கேக்க வந்தாங்க. ரவுட்டர் பழுது, திருத்த குடுத்தீக்கின்னு சொல்லி அனுப்பிட்டேன். ரவுட்டர் அவங்கட தலைக்கு மேல பச்ச லைட் எரிஞ்சிக்கிட்டு கெடக்குது. இப்ப பொய்யும்.

பெப்ரவரி 13, செவ்வாய்

ஒம்பது நாள். நதா என்னோட ஒரு வார்த்தயும் பேசல்ல. மைனி எனக்கு சொல்ல வேண்டியத சுவருக்கு சொல்றா, "சோறு மூடி வெச்சீக்கி"ன்னு. நான் பேசிப்பேசியே ஐம்பத்தாறு வருஷம் ஓட்டினவ. இப்ப காமரையில இருந்து தஸ்பீஹ் மணிய உருட்டுறேன், நாக்கு ஓதுது, மனசு அந்த ஹோல்லயே நிக்குது.

பெப்ரவரி 20, செவ்வாய்

தரகர் ரவூப் வந்தாரு. வாசல்ல நின்னே சொல்லிட்டாரு, "அவங்க வாணாமாம். வேற எடம் பாக்கிறாங்களாம்." நாநா "ஹரி, ஹரி"ன்னு சிங்களத்தில செரி சொல்லி தலய ஆட்டினாரு. ரவூப் போன பொறகு வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னாரு, செருப்ப ஒரு காலில மட்டும் போட்டுக்கிட்டு.

ராவு நதாட காமரையோட ஈக்கிற பாத்ரூம்ல தண்ணி பைப்பு தொறந்தே ஓடிச்சு. அழுற சத்தம் கேக்காம ஈக்க தொறந்து வெச்சீக்கிறா. அவ சின்னதிலேருந்து அப்பிடித்தான். வேற யாருக்கும் தெரியாது அது. எனக்கு தெரியும். எழும்பி கதவு வரைக்கும் போனேன். தட்டல்ல. என்ன சொல்லித் தட்டுற?

மார்ச் 3, ஞாயிறு

என்ட லைன்ல பயான் நின்னு நின்னு வருது. அப்பிடி நின்னு நின்னு வந்த எடத்தில மௌலவி சொன்னாரு: அல்லாஹ்வுக்கு செஞ்ச பாவத்த அல்லாஹ் மன்னிப்பான். ஒரு மனிசன புறம் பேசினா அந்த மனிசன்ட்ட தான் மாப்பு கேக்கணும். அவன் தராட்டி அது நிக்கும்.

எனக்கு இது தெரியாததா? நாப்பது வருஷமா கேட்டது. மத்தவங்களுக்கு சொல்லியும் குடுத்தது. ஆனா ஒரு மாசமா அல்லாஹ்ட்ட மட்டும் அழுதுக்கிட்டு ஈந்தேன், அது லேசு. தம்புள்ளக்கி போறது தான் கஷ்டம்.

நோன்பு வருது. நோன்புக்கு முந்தி போகணும்.

மார்ச் 6, புதன்

போயிட்டு வந்துட்டேன்.

வீட்டில மாத்தளைக்கி மருந்து எடுக்கப் போறேன்னு சொன்னேன். தம்புள்ள பஸ்ல ஏறினேன். நாவுல தாண்டுற வரைக்கும் ஆயத்துல் குர்ஸி ஓதினேன். மரக்கறி சந்தையில லொறிக்கு நடுவுல பவாஸ்ட கடைய விசாரிச்சேன். அவன் வெங்காய மூட்டைக்கு பக்கத்தில நின்னான், என்னக் கண்டு மொகம் மாறிச்சு. ஆனாலும், "வாங்க மாமி, உம்மா வீட்டில தான்"ன்னு த்ரீவீல் புடிச்சி ஏத்தி விட்டான். அவன்ட பணிவு எனக்கு அடிச்ச மாதிரி ஈந்திச்சு.

ஸுபைதா கதவ தொறந்தா. உள்ளுக்கு வாங்கன்னா. தண்ணி தந்தா. நான் மாப்பு கேட்டேன்.

"எதுக்கு?"

"நான் பேசினதுக்கு."

"எனக்கு பாதி தான் கேட்டிச்சு, ஒங்கட நாநா வயர இழுத்துட்டாரு. அந்த வொய்ஸ போடுங்க, முழுசா கேப்போம்."

"அழிச்சிட்டேன்."

"அப்ப வாயால சொல்லுங்க. என்னப் பத்தி என்ன சொன்ன?"

எனக்கு வாயே வரல்ல. எனக்கு! அவ காத்துக்கிட்டு ஈந்தா. கடைசியில சொன்னேன், ஒரு சொல்லும் கொறைக்காம, அவட மொகத்துக்கு முன்னால. டிவியில கேட்டத விட அது மோசம்.

அவ, "எங்கட மனிசன் சவூதிக்கி போய் பதினாலு வருஷம். மவுத்தா, உசுரோட ஈக்காரான்னு தெரியாது. நான் வாயால வெரட்டி ஈந்தா, எந்தப் பக்கம் போனாருன்னாவது தெரிஞ்சி ஈக்கும்"ன்னா.

நான் என்ட கதைய சொல்ல வாயெடுத்தேன், என்னயும் ஒருத்தர் விட்டுட்டுத்தான் போனாருன்னு. சொல்லல்ல. அங்க போயும் என்னப் பத்தி பேசவா? மொதத் தடவ வாய மூடினேன்.

"மாப்பு தந்தேன், அல்லாஹ்வுக்காக"ன்னா. நான் அழுதேன். "ஆனா கலியாணத்த மட்டும் கேக்க வாணாம். நதாவ பாக்கிற நேரமெல்லாம் எனக்கு அந்த டிவி தான் கேக்கும். அது அந்தப் புள்ளக்கி நான் செய்ற அநியாயம்."

நான் கேக்கத்தான் போனேன். அவ முந்திட்டா.

வீட்டுக்கு வந்து நாநாட்ட எல்லாம் சொன்னேன். அவரு பேப்பர மடிச்சி வெச்சிட்டு கேட்டாரு, "நீ ஒன்ட மனசு லேசாகப் போனியா, நதாட கலியாணத்துக்காக போனியா?"

நதா ஜன்னல் பக்கம் நின்னா, கேட்டுக்கிட்டு தான் ஈந்தா. காமரைக்குள்ள போய் கதவ சாத்தினா.

மார்ச் 14, வியாழன்

நோன்பு தொறக்கிற நேரம் நதா ஈத்தம்பழத் தட்ட என் பக்கம் தள்ளினா. மொகத்த பாக்கல்ல. கஞ்சியில உப்பு இல்ல. ஒருத்தரும் சொல்லல்ல.

ஏப்ரல் 28, ஞாயிறு

நதாவுக்கு கொழும்பில கணக்கு ஒப்பிஸ் ஒண்டுல வேல கெடச்சீக்கி. தெஹிவளையில பொம்பளப் புள்ளைங்க நாலு பேரோட போர்டிங். முந்தின நாநா எண்டா வாசல் தாண்ட விட மாட்டாரு. இப்ப "போகட்டும்"ன்னாரு. மைனி சுவருக்கு சொன்னா: "இந்த ஊரில இனி யாரு கேட்டு வாரது?"

ஊருக்கெல்லாம் தெரியும். அந்த வொய்ஸ ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்களாம். புறம் பேசினவளப் பத்தி புறம் பேசுறாங்க. கேக்க எனக்கு என்ன வாய் ஈக்கி?

என்னால தான் அந்தப் புள்ள வீட்ட விட்டு போகுது. கலியாணமாகி போகணும்னு துஆ கேட்டவ நான். போறா. இப்பிடியா கேட்டேன்?

மே 4, சனி

அவட உடுப்பு பேக்குக்குள்ள சின்ன துஆ கிதாப வெச்சேன். எடுத்து மேசையில வெச்சிட்டா. பொறகு பாத்தா மேசையிலயும் இல்ல. எங்க வெச்சான்னு கேக்கல்ல.

மே 5, ஞாயிறு

காலையில ஆறு மணி பஸ். நாநாவும் றிஸ்கானும் ஏத்தி விடப் போனாங்க. வாசல்ல நதா எனக்கு ஸலாம் சொன்னா. அவ்வளவு தான். கைய புடிச்சா விடுவாளோ மாட்டாளோன்னு புடிக்கல்ல.

லுஹருக்கு பொறகு றிஸ்கான் வந்து என்ட போன கேட்டான்.

"இன்னம் என்னத்தடா கொறைக்கப் போற?"

"கொறைக்க இல்ல மாமி. நதா பஸ்ல ஏறுற நேரம் சொன்ன, அவட லைன்ன ஒங்களுக்கு குடுக்கச் சொல்லி. இனி அவக்கு தேவல்ல தானே. ஒங்கட லைன்ல ஓதுறது நின்னு நின்னு வருது, அவட காமரைக்கி கேக்குதாம்."

கேட்டுக்கிட்டு ஈந்திருக்கிறா. அந்த சுவருக்கு அங்கால இருந்து.

அவன் போட்டுத் தந்தான். டிவி இதிலயும் தெரியாது. தெரிய வாணாம்.

வொய்ஸ் போட மாட்டேன்னு நிய்யத் வெச்சீக்கிறவ நான். ஒத்த வெரலால எழுதினேன்: "போய் சேந்தியா மகள்." அனுப்பிட்டு போன கவுத்து வெச்சேன். அஸர் தொழுதேன். எடுத்துப் பாத்தா பதில் வந்து கெடந்திச்சு. "சேந்துட்டேன்." மாமின்னு போடல்ல.

அத வெச்சிக்கிட்டு குசினி வாசல்ல நின்னேன், என்ன செய்றதுன்னு தெரியாம. மைனி தேங்கா துருவிக்கிட்டு ஈந்தா. நிமிந்தா. சுவர இல்ல, என்னப் பாத்தா.

"யாரு, நதாவா? எங்களுக்கு இன்னம் ஒண்டும் வரல்லியே."

போன நீட்டினேன். கைய சாரியில தொடச்சிட்டு வாங்கி, அந்த ஒரு சொல்ல ரொம்ப நேரம் பாத்தா. பொறகு என்ட கையில திருப்பி வெச்சா.

"சாப்பிட்டாளான்னு கேளுங்க."

ஒத்த வெரலால எழுதிக்கிட்டு ஈக்கிறேன்.