அடக்கினால் மிட்டாய்

வியாழன், இரவு

என் வீட்டுக்காரரோடு பேசினால் கத்திவிடுவேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

சாலைக் கடைத்தெருவில் இவருடைய துணிக்கடைக்குக் கழிப்பறை கிடையாது. பிளே ஸ்கூல் விட்டதும் மீனு அங்கேதான் இருப்பாள். மூன்று வயதுப் பிள்ளை. அவளுக்கு ஒண்ணுக்கு வந்தால் பக்கத்து ஓட்டலில் போய்க் கேட்க இவருக்குக் கூச்சம். கடை அடைக்கும்வரை போகாமல் இருந்தால் மிட்டாய் என்று பழக்கிவிட்டிருக்கிறார். எனக்கு இன்றுதான் தெரியும்.

சாயங்காலம் எரிகிறது என்று பிள்ளை துடித்தாள். டாக்டரிடம் ஓடினோம். அடக்கி அடக்கி இன்ஃபெக்‌ஷனாம். இவர் அங்கேயும் கூசாமல், "சமர்த்தாக்கும் டாக்டர், எவ்வளவு நேரம் வேணும்னாலும் பிடிச்சு வச்சுக்கிடுவா" என்கிறார்! அங்கேயே நாலு கேட்டிருக்க வேண்டும்.

திரும்பும்போது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு மதிலோரம் ஒதுங்கினார். அடுத்த தெருவில்தான் வீடு. அதுவரை இவருக்குப் பொறுக்க முடியவில்லை.

வீட்டில் மீனுவைப் பிடித்து உட்காரவைத்து, வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, கெஞ்சினேன். ஒருவழியாகப் போனாள். போய் முடித்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்:

"அம்மா, அப்பாட்ட சொல்லாண்டாம்."