தண்ணி போகுதுங்க

போத்தனூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு,

இங்கே நான் நலம், சுவரோரத் தென்னை நலம், மோட்டாரும் நலம். மோட்டாரின் நலத்தை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. அங்கே கால்கரிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி பூஜிதாவும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்குப் போடும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இந்தப் பார்சலில் மல்லித்தூள், கொள்ளுப் பொடி, தேங்காய் பர்பி எல்லாம் வைத்திருக்கிறேன், பர்பியை முதலில் பிரித்துவிடு, இல்லாவிட்டால் மல்லி வாசம் ஏறிவிடும். உன் பெரியப்பா மகன் கிருபாசங்கர் பெருந்துறையிலிருந்து மதியம் வருகிறான், அவன்தான் கூரியரில் போடப்போகிறான். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் நீ நடுவில் நாலு கேள்வி கேட்கிறாய், நாலாவது கேள்வியில் உனக்கு அழுகை வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு உன்னைத் தேற்றுவதற்கே நேரம் சரியாகிவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான். எனக்காக நீ பார்த்திருக்கிற அந்த முதியோர் குடியிருப்புக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் இதைக் கடைசி வரை படித்துவிடு.

முப்பது வருஷம் மில்லில் டைம் ஆபீஸில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யார் தாமதம் என்று குறித்தவன் நான். இப்போது நான் எத்தனை மணிக்கு மோட்டார் போட்டேன், எப்போது நிறுத்தினேன் என்று நீ கடல் தாண்டி உட்கார்ந்து குறிக்கிறாய். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை கண்ணு, சிரிப்புத்தான் வருகிறது. நீ போன லீவில் வந்தபோது ஆளைக் கூட்டிவந்து ஸ்டார்ட்டர் பக்கத்தில் அந்த வெள்ளைப் பெட்டியை மாட்டி, டேங்க்குக்குள் சென்சார் இறக்கி, எல்லாம் செய்தது என் மேல் உள்ள பிரியத்தில் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா இருந்தவரை மோட்டார் அவள் பொறுப்பு. அவள் போன பிறகு நான் போட்டுவிட்டுப் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன் என்றால் மறந்தே போவேன், தண்ணீர் நிறைந்து குழாய் வழியாகக் கொட்டும். அப்போதெல்லாம் நிஜமாகவே மறதிதான், மறைக்கவில்லை. கொட்டுகிற சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு நாகூர் மீரான் பாய் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, ஏனுங்க, தண்ணி போகுதுங்க என்று குரல் கொடுப்பார். நான் ஓடிப்போய் நிறுத்துவேன். நிறுத்திவிட்டு, நன்றிங்க பாய் என்று சொல்லச் சுவருக்குப் போவேன். பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். சிறுவாணி மலையில் மழையா, உக்கடத்தில் அவர் மகன்கள் நடத்துகிற தார்ப்பாய்க் கடையில் வியாபாரம் எப்படி, அவருக்கு முழங்கால் வலி, எனக்கு இடுப்பு வலி என்று போய்க்கொண்டிருக்கும். பாதிப் பேச்சில் அவர் மனைவி உம்மல் குல்சும் அம்மா உள்ளேயிருந்து சுக்குக் காப்பி கொடுத்து அனுப்புவார்கள், அதைச் சுவர் மேல் வைத்துக் குடிப்போம். அன்றைக்கு நான் வேறு ஒருவரோடும் பேசவில்லை என்றாலும் அது போதும் என்று இருக்கும்.

நீ பெட்டியை மாட்டிவிட்டுப் போன பிறகு மோட்டார் காலையில் தானாக ஓடி, டேங்க் நிறைந்ததும் தானாக நின்றது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. முதல் வாரம் நானும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த வாரம் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறதே என்று பட்டது. அப்புறம்தான் புரிந்தது, பாய் குரல் கேட்டு எத்தனையோ நாள் ஆகிவிட்டது. நீ கேட்பாய், பத்தடி தள்ளி இருக்கிற மனிதரோடு பேசுவதற்குத் தண்ணீர் கொட்ட வேண்டுமா, எழுந்து போய்க் கதவைத் தட்டினால் என்ன என்று. பொம்பளைகளுக்கு அது சுலபம் அம்மணி. உன் அம்மாவும் உம்மல் குல்சும் அம்மாவும் காரணம் இல்லாமலே மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் போய்க் கேட்டைத் தட்டினால் பாய் பதறி எழுந்து வந்து, என்ன விஷயமுங்க என்பார். ஒரு விஷயமும் இல்லைங்க என்று எப்படிச் சொல்வது? ஒரு தடவை போனேன். ஸ்குரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நம் வீட்டில் மூன்று இருக்கிறது.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நெட் வராத நாளுக்கு என்று பெட்டிக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்துப் போனாரே நீ கூட்டிவந்த ஆள், அதைத் தள்ளிவிட்டால் பெட்டி சும்மா இருக்கும், மோட்டார் நான் நிறுத்தும்வரை ஓடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அப்படித் தள்ளிவிட்டு, பேப்பரோடு வாசலில் உட்கார்ந்து, தண்ணீர் கொட்டுவதற்குக் காத்திருந்தேன். கொட்டும், பாய் கூப்பிடுவார், நான் அப்போதுதான் நினைவு வந்தவன் போல ஓடுவேன். வீணாக்கினேன் என்று நினைக்காதே, அது போர்வெல் தண்ணீர்தான், குழாயைத் தென்னை மரத்தடிக்குத் திருப்பிவிட்டிருந்தேன். குடிக்கிற சிறுவாணித் தண்ணீரை அப்படிக் கொட்ட எனக்கு மனசு வராது. சும்மா இருக்கிற பெட்டியும் இதையெல்லாம் உன் போனில் சிவப்புச் சிவப்பாகக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. எனக்கு இங்கே விடிகிற நேரம் உனக்கு அங்கே வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரம், சமையல்கூடச் செய்யாமல் அதைப் பார்த்துக்கொண்டு, அப்பாவுக்கு ஞாபகம் போகிறது, அப்பாவுக்கு ஞாபகம் போகிறது என்று நீ தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறாய் என்று கிருபாசங்கர்தான் பிறகு வந்து சொன்னான். என் குழந்தையை அழ வைத்துவிட்டு நான் இங்கே சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திடீரென்று நீ போனில், இன்னைக்கு என்ன கிழமைப்பா, ராத்திரி என்ன சாப்பிட்டீங்க என்றெல்லாம் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்புறம் கிருபாசங்கர் வந்து, சித்தப்பா, பாப்பா ரொம்பப் பயந்துக்குது, ஒரே ஒரு தடவை டாக்டரப் பாத்துட்டு வந்துரலாமுங்க என்றான். போனேன். டாக்டர் கடிகாரம் ஒன்று வரைந்து பதினொன்றே பத்து காட்டச் சொன்னார். டைம் ஆபீஸ்காரனிடம் கேட்கிற கேள்வியா அது, வரைந்து கொடுத்துவிட்டு அடுத்த ஷிப்டுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். மூன்று வார்த்தை சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார், மாங்காய், குடை, ரயில். இன்னும் நினைவிருக்கிறது, பார்த்துக்கொள். ஞாபகம் நன்றாக இருக்குதுங்க, அப்புறம் ஏனுங்க தண்ணிய மறக்கறீங்க என்று அவர் கேட்டபோது கிருபாசங்கர் பக்கத்திலேயே நின்றான். அவன் முன்னால், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதற்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது, தெரியலைங்க என்று சொல்லிவிட்டேன். அந்தத் தெரியலைங்கதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அன்று ராத்திரியே நீ போனிலிருந்தே சுவிட்சைப் பூட்டிவிட்டாய். அதற்கப்புறம் நான் எப்படித் தள்ளினாலும் பெட்டி கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருபாசங்கர் என்னை அந்தக் குடியிருப்பைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். புல்தரை, பூச்செடி, மணியடித்தால் சாப்பாடு, கூப்பிட்டால் நர்ஸ், ஒரு குறை சொல்ல முடியாது. அங்கே இருந்தவர்களும் நல்ல மனிதர்கள். ஆனால் எல்லோரும் தங்கள் பிள்ளைகளைப் பற்றியே பேசினார்கள், பக்கத்து அறைக்காரர் பெயரைக் கேட்டால் யோசித்துச் சொன்னார்கள்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டுப் பதறாதே, எல்லாம் சரியாகிவிட்டது. போன வாரம் எனக்குக் காய்ச்சல். ராத்திரி குளிர் எடுத்தது, காலையில் எழுந்து உட்காரவே முடியவில்லை, போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது, நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. வழக்கமான நேரத்துக்கு மோட்டார் தானாகப் போட்டுக்கொண்டது, கொஞ்சம் ஓடியது, தானாக நின்றது. ஹாலில் போன் ஒரு தடவை டிங் என்றது. அது உன் மெசேஜ்தான், மறுநாள்தான் பார்த்தேன். இந்த வாரம் முழுக்கத் தண்ணி வீணாகல, சூப்பர்ப்பா என்று போட்டு ஒரு பூவும் போட்டிருந்தாய். உன் மேல் தப்பில்லை கண்ணு, உன் போனில் எல்லாம் பச்சையாகத்தானே இருந்திருக்கும். நான் மட்டும் படுத்துக்கொண்டு, இன்றைக்கு யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பால்காரர் வாசலில் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போயிருப்பார். கிருபாசங்கர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். உன் அம்மா இருந்தால் என்று நினைத்தேன், ரொம்பப் பயமாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

அப்போது கேட்டைப் போட்டு உலுக்குகிற சத்தம். ஏனுங்க, தண்ணி போகுதுங்க, மோட்டார நிறுத்துங்க என்று பாய் குரல். அவர் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெட்டி ரிப்பேர் ஆகிவிட்டதாக்கும் என்று நினைத்து, காய்ச்சலிலும் எனக்கு ஒரு சந்தோஷம், சொன்னால் சிரிப்பாய். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். பாய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், மகனுக்குப் போன் செய்தார், ஆட்டோ வந்தது, கிளினிக், ஊசி, மாத்திரை எல்லாம் ஆயிற்று. மூன்று நாளும் கஞ்சி அவர்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. பாப்பாவுக்குச் சொல்லிரலாமுங்களா என்று அவர் கேட்டார், நான்தான் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஆனால் அன்று ஆட்டோ ஏறும்போதே ஒன்றைப் பார்த்தேன். டேங்க்கின் குழாய் வாய் காய்ந்து கிடந்தது. தென்னை மரத்தடியில் மண் வெடித்திருந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. உடம்பு தேறியதும் சுவரோரம் போய் நின்று கேட்டேன், பாய், அன்னைக்குத் தண்ணி போகலையேங்க என்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, போகலைங்க, எட்டு பத்து நாளா போகவே இல்லைங்க, அதானுங்க வந்தேன் என்றார்.

இவ்வளவுதான் விஷயம். இனிமேல் நேராகவே போய்ப் பேசிக்கொள்ளலாமே என்பாய். நடக்காது கண்ணு, இரண்டு பேரும் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை. நீ சுவிட்சைப் பூட்டிவிட்டாய் என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன், மறுநாளே பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாப்பா சுவிட்ச்ச திருப்பிக் குடுத்துருச்சுங்களா என்று விசாரித்தார், நேற்றும் விசாரித்தார். அதனால் அந்தப் பூட்டை எடுத்துவிடு. பெட்டி அப்படியே இருக்கட்டும், நீ பார்த்துக்கொண்டே இரு, நீ பார்க்கிறாய் என்பதே எனக்குத் தெம்பு. குடியிருப்புக்காரர்களிடம் அப்பா வரவில்லை என்று பக்குவமாகச் சொல்லிவிடு. போனை இனித் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறேன், பாய் வீட்டு நம்பரை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அதை உன் போனில் ஏற்றிக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் பூஜிதாவும் நோய் நொடி இல்லாமல், நிறைந்த மனதோடு நூறு வருஷம் இருக்க வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, குழந்தைக்கு ஈரத் தலையோடு தொப்பி போடாதே. பூட்டை எடுத்த பிறகு உன் போனில் சிவப்பு வந்தால் அழாமல் சமையலைப் பார். சிவப்பு வந்தால் அப்பா சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
அங்கப்பன்