பிச்சைமுத்துவுக்குப் புது ஆள்

என் உயிர் மச்சான் வேலுச்சாமிக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்திலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டுதான் இருப்பாய். எனக்குத்தான் இங்கே ஒன்றும் ஓடவில்லை. காலையில் மஸ்டருக்குப் போய்ப் பேர் கொடுக்கிறேன், தேயிலை பாக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் நிற்கிறேன், லயத்து வீட்டுக்கு வந்து படுக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் மீசையை மழித்து நாடகத்துக்குச் சேலை கட்டுவது அலுத்துவிட்டது என்று உன்னிடம் நான் புலம்பாத மாதம் உண்டா? "அடுத்த மாசத்தோட விட்ருவோம்டே" என்று நீயும் சொல்லாத மாதம் உண்டா?

எமர்ஜென்சியை எடுத்துவிட்டார்கள். நீ இருந்திருந்தால் அதற்கே ஒரு காட்சி போட்டிருப்பாய். சூரியநெல்லியில் பனி இன்னும் விடவில்லை. கிளப்பில் சுவரில் ஒட்டுகிற கையெழுத்துப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி எழுதுவதைவிட உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மற்றவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

அதனால் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மாதத்தின் கடைசி ஞாயிறு நாலு மணிக்கு நம் நாடகம். யானை இறங்கும் முன்னே சனம் லயம் சேர வேண்டும் என்பதால் அந்த நேரம். பதினொரு வருஷமாக ஒரே வீடு, ஒரே குடும்பம். புருஷன் பிச்சைமுத்து நீ, பெண்டாட்டி பூவம்மா நான். ஒரு கிழவி, ஒரு மகன். மாதத்துக்கு ஒரு புதுச் சண்டை. கொழுந்தெடுக்கிற பெண்கள் என்னை நேரிலேயே "என்ன மதினி, அண்ணன் இன்னைக்கு அடிச்சாரா?" என்று கேட்பார்கள்.

ஆள் மாறாமலா இருந்தோம்? ஒல்லிக் கிழவியாக நடித்த ஞானமுத்து பென்ஷன் வாங்கிச் சங்கரன்கோயிலுக்குப் போனதும் குண்டு மாரியப்பனைப் போட்டோம். நீ மேடையில் அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஏம்மா, ஊருக்குப் போயி ஒரு மாசத்துல இப்படி ஊதிட்டு வந்திருக்கியே, பக்கத்து வீட்டுச் சோத்தையும் சேத்துத் தின்னியா?" என்றாய். சனம் சிரித்தது, மாரியப்பன் கிழவியாகிவிட்டான். மகன் வேஷத்துக்கு இதுவரை மூன்று பேர். ஒவ்வொருவனுக்கும் நீ ஒரு வரி வைத்திருந்தாய்.

உனக்கு யார் மச்சான் வரி வைத்துவிட்டுப் போனார்கள்?

பொங்கல் கழிந்து இரண்டாம் நாள், அதே இலை மாடியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்தாய். நான் பத்தடி தள்ளி நின்றேன். நடிக்கிறாய் என்று நினைத்து, "போதும்டே, எந்திரி" என்றேன். அந்தச் சொல் இன்னும் என் காதில் கிடக்கிறது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் செய்ததைக் கேள். வேலுச்சாமி இடத்தில் இன்னொருத்தனை நிறுத்துவது உனக்குச் செய்கிற அவமரியாதை என்றது நாடகக் கமிட்டி. பிச்சைமுத்துவும் செத்துவிட்டதாகக் காட்டி, அஞ்சலி செலுத்தி, நாடகத்தை முடித்துவிடுவோம் என்று தீர்மானம் போட்டார்கள். நானும் கை தூக்கினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு நிம்மதிகூட. இனிமேல் சேலை கட்ட வேண்டாமே.

பிப்ரவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையில், பொட்டில்லாமல், தாலியில்லாமல் மேடையில் போய் நின்றேன். பெண்கள் பக்கமிருந்து அழுகை கிளம்பியது. முன் வரிசையில் உன் பெண்டாட்டி செல்லத்தாய் அதே கோலத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள்ளேயே கிடந்தவள், முதல் தடவையாக அன்றைக்குத்தான் வெளியே வந்திருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். எந்த மடையனுக்காவது இது முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டாமா? எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அவளைப் பார்க்கப் போனேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"அங்க வந்தா அவரு இருப்பாருன்னு வந்தேன் அண்ணே," என்றாள். "வேற ஆளு நின்னாலும் பிச்சைமுத்து இருப்பாருல்ல. ஒருக்கா செத்தது பத்தாதா? நீங்க வேற கொல்லணுமா?"

"தப்புதாம்மா. கமிட்டியில சொன்னாங்க..."

"கமிட்டியா தாலி அறுத்துச்சு?"

யாரையாவது போடுங்கள், ஆனால் பிச்சைமுத்து சாகக் கூடாது என்றாள். வசனம் ஒன்றுகூடத் தாளில் இல்லையே என்றேன். நீ எல்லாவற்றையும் வீட்டில் அவளிடம்தான் பேசிப் பார்ப்பாயாம், பூவம்மா வரிகளை அவள்தான் சொல்வாளாம். பதினொரு வருஷமும் அவளுக்கு மனப்பாடம். இதை நீ என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே, ஏன் மச்சான்?

இலை லாரி ஓட்டுகிற பாஸ்கரனைப் பிடித்தோம். வடகரப்பதிக்காரன், முப்பது வயது, பேச்செல்லாம் கோயம்புத்தூர் பக்கத்துப் பேச்சு. மூன்று வாரம், இலை எடை போட்டு முடிந்ததும், உன் வீட்டு வாசலில் செல்லத்தாய் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நானும் கூட உட்கார்ந்திருந்தேன். நீ எங்கே இருமுவாய், எங்கே துண்டை உதறுவாய், எல்லாம் சொன்னாள். எனக்கு அவன்மேல் எரிச்சலாக வந்தது. பாவம், அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நாடகம். பொட்டும் தாலியுமாகப் பூவம்மா பழையபடி வந்து நின்றாள். பிச்சைமுத்து முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், நான் நின்று பரிமாற வேண்டும், அவன் குழம்பில் குற்றம் சொல்லிக் கத்த வேண்டும். நான் சட்டியோடு பக்கத்தில் போனதும் பாஸ்கரனுக்கு என்ன ஆனதோ, சடாரென்று எழுந்துவிட்டான். தன்னைவிட மூத்தவன் நிற்கும்போது உட்கார்ந்து தின்ன அவனுக்கு உடம்பு கூசிவிட்டது. முக்காலியை என் பக்கம் நகர்த்தி, "நீங்க நிக்கறப்ப நான் எப்படிங்க உக்கார்றது? உக்காருங்க, நான் போட்டுத் தர்றனுங்க" என்றான்.

கொட்டகை ஒரு நிமிஷம் திகைத்தது. எனக்கும் வசனம் மறந்துவிட்டது. போன மாதம் செத்தவன் திரும்பி வந்திருக்கிறானே என்று வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஏ ஆத்தா, எங்க போயிட்டு வந்தீரு நீரு? இந்தப் புத்தி அங்க சும்மா குடுக்காகளா?"

அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டது. நீ போனதற்கப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. முன் வரிசையில் செல்லத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அவன் பரிமாறினான்.

முடிந்ததும் பாஸ்கரன் அவளிடம் ஓடிப்போய், "தப்பாப் போச்சுங்க அக்கா, அடுத்த தடவ அவரு மாதிரியே பண்ணிடறனுங்க" என்றான். கிட்டத்தட்ட அழுதுவிட்டான்.

"வேண்டாம் தம்பி," என்றாள். "அதை மட்டும் மாத்திராதீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னாள்: "வீட்லயும் அவரு உக்காந்துதான் வசனம் பேசுவாரு அண்ணே. நான் நின்னுக்கிட்டேதான் பதில் சொல்லுவேன். ஒருநாளாச்சும் உக்காருன்னு சொல்லிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கண் நிறைந்திருந்தது, முகத்தில் சிரிப்பும் இருந்தது. உனக்காகப் பரிந்து பேச நான் யார்? என் வீட்டிலும் அப்படித்தானே.

கோபித்துக்கொள்ளாதே. என் முழங்கால் தாங்குகிற வரைக்கும் சேலை கட்டுவேன், பிச்சைமுத்துவைச் சாக விடமாட்டேன். ஆனால் இனி அவன் ஒவ்வொரு மாதமும் எழுந்து நின்று பெண்டாட்டியை உட்காரச் சொல்வான். செல்லத்தாய் அதைப் பார்க்க வருவாள்.

இப்படிக்கு,
பதினொரு வருஷம் உனக்கு நின்றுகொண்டே சோறு போட்ட பெண்டாட்டி,
உன் மச்சான் சுடலைமுத்து