புளி போட்டு விளக்கிய பொம்மைகள்

என் கண்ணான தம்பி குமரேசா,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். உன் ஜீப்பை உன் கூட்டாளி சேகர்தான் ஓட்டுகிறான். புதூர்நாட்டு மேட்டில் அது இன்னும் முனகிக்கொண்டுதான் ஏறுகிறது.

உன் பொம்மைகளைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கட்டைவிரல் உயரத்து ஈயப் பொம்மைகள்: தொப்பி வைத்த புதையல் வேட்டைக்காரன், துப்பாக்கி பிடித்த டாக்டரம்மா, எதிரிக் கூட்டம். மேசைமேல் அட்டைக் காடும் பாழடைந்த கோயிலும் பரப்பி, பகடை உருட்டி, ஞாயிறு முழுக்க நீங்கள் கத்துவீர்களே! உன் நினைவு நாளில் அவற்றை வைத்து ஓர் ஆட்டம் ஆடலாமா என்று சேகர் கேட்டான். படையல் போடுகிற வீட்டில் பகடையா என்று முறைத்தேன். பிறகு யோசித்தேன். வடை பாயசத்தைவிட உனக்கு அதுதானே பிடிக்கும்?

அப்புறம்தான் உன் பெண்டாட்டி செய்த காரியம் தெரிந்தது. குத்துவிளக்கு விளக்கும்போது, இதுவும் உலோகம்தானே என்று புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, முறத்தில் காயவைத்திருந்தாள். நீ பூசிய வர்ணமெல்லாம் போய், எல்லாம் அம்மணமாகப் பளபளத்தன.

“இன்னாடி மல்லிகா பண்ணி வச்சிருக்கே?”

“தூசியா இருந்துச்சுங்க அண்ணி. அவரு ஆளுங்க வர்றாங்களே, பளிச்சுனு இருக்கட்டும்னு...”

“பளிச்சுனுதான் இருக்குது. என் தம்பி கைதான் அதுல இல்ல.”

அவள் அழுதாள். நான் தேற்றவில்லை. உன் கல்யாணத்தில் அவள் வீட்டார் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததையே நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் மறக்காத புத்தியும் ஒரு நாள் உதவும் போலிருக்கிறது. நீ வர்ணம் பூசும்போதெல்லாம் பக்கத்தில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டு இருந்தவள் நான். ஒவ்வொரு பொம்மையும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. என் கை நடுங்கும், மல்லிகாவுக்கு ஆடாது. நான் சொன்னேன், அவள் பூசினாள். உன்னைப் போலவே சோடா மூடியில் ஒட்டி நிறுத்தி, முதலில் கறுப்பு அடித்தோம்.

“வேட்டைக்காரன் சட்டைங்க அண்ணி?”

“காக்கி. காஞ்சதும் பழுப்பைத் தண்ணியா கரைச்சு வுடு, மடிப்புல போய் நிக்கட்டும். அப்பறம் பிரஷ்ஷைத் துணியில தொடச்சுட்டு மேடா இருக்கற எடத்துல மட்டும் லேசா தடவு.”

“டாக்டரம்மா பூட்சு?”

“செவப்பு. காட்டுக்கு எவடா செவப்பு பூட்சு போடுவான்னு கேட்டேன். ‘காணாம போனா தேடலாமில்லக்கா’ன்னான்.”

மல்லிகா சிரித்துவிட்டாள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. உனக்குக் கேட்டதா?

கடைசியில் கிரீடம் வைத்த ஒருத்தி மிஞ்சினாள், எதிரிக் கூட்டத்து ராணி. எனக்கு ஒரு நிறமும் ஓடவில்லை. எப்படி ஓடும்? நம் மரத்து முதல் பலாப்பழத்தை நீ மாமியார் வீட்டுக்கு அனுப்பினாயே, அந்தக் கோபத்தில் நான் உன் வாசப்படி மிதிக்காத மாதத்தில் பூசியிருக்கிறாய். தெரியாது என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வேன்?

அவள் என்னைக் கேட்கவே இல்லை. மயில்கழுத்து நிறம் கலந்தாள், அரக்குக் கரை இழுத்தாள். அது என் தீபாவளிப் புடவை. மூக்கில் இரண்டு பக்கமும் ஊசிமுனையால் புள்ளி வைத்தாள்.

“யாருடி இது?”

“நீங்கதாங்க அண்ணி. நீங்க பேசாம இருந்தப்ப, அக்கா மூஞ்சியப் பார்க்காம இருக்க முடியலன்னு பண்ணாரு.”

“அதுக்கு எதிரியாவா பண்ணுவான்?”

“வேற எதுவாப் பண்ணுவாரு?” என்றாள், தலை நிமிராமல். “ஆனா உங்களை மட்டும் யாரையும் செயிக்க வுட மாட்டாரு. பகடை கோணலா வுழுந்துச்சு, மறுபடி உருட்டுன்னுவாரு.”

கள்ளப்பயலே, எனக்காகவா அழும்பு ஆடினாய்?

பிறகு மல்லிகா பிரஷ்ஷை என்னிடம் நீட்டினாள். “கண்ணு நீங்க வைங்க அண்ணி.” வாங்கிக்கொண்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நான் விடச் சொல்லவில்லை. ஒரு கண் முறைத்தபடி வந்துவிட்டது. பொருத்தமாக இருக்கிறதாம்.

நினைவு நாளன்று ராணியை நானே நகர்த்தப் போகிறேன். பேரன் பேத்தி எடுத்தவள் பகடை உருட்டுகிறாள் என்று ஆலங்காயம் ஊரே சிரிக்கட்டும். பகடை கோணலாக விழுந்தால் மறுபடி உருட்டச் சொல்லி உனக்குப் பதிலாக மல்லிகா சண்டை பிடிப்பாள். சேகரைத் தோற்கடிக்காமல் நாங்கள் இருவரும் எழுந்திருக்க மாட்டோம். இது சத்தியம்.

உன்னோடு மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்ட,
உன் கூடப்பிறந்த அக்கா
முனியம்மா