வாசலில் துயரம், படியில் இறைவன் பெயர்

அனுப்புநர்
முனவ்வர் ஷரீபோவா,
ஓய்வுபெற்ற இலக்கிய ஆசிரியை,
பட்டறைத் தெரு, தாஷ்குப்ரிக்.

பெறுநர்
மாவட்டத் தொல்லியல் அலுவலர் அவர்கள்.

பொருள்: கான் அரண்மனையில் எழுத்து ஓடுகளைத் தவறாகப் பதித்தது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அரண்மனையின் வரவேற்பு வாசலில் ஐந்து ஓடுகளில், ஓட்டுக்கு ஒரு சொல்லாக, ஒரு வரி உண்டு: "வருபவருக்கு மகிழ்ச்சி உண்டு, துயரம் இல்லை." மணமக்கள் அதன்கீழ் மும்முறை குனிந்துவிட்டுத்தான் வீடு புகுவார்கள்.

2. புதுப்பிப்பதற்காகக் கழற்றியபோது, பழைய அரபு எழுத்து செல்லும் திசைப்படி வலமிருந்து எண்ணிட்டார்கள். திரும்பப் பதித்தவரோ இடமிருந்து தொடங்கினார். ஓரத்து ஓடுகள் இரண்டும் வளைவுக்கேற்ப வெட்டப்பட்டவை என்பதால் தப்பின. நடுவில் உள்ள மூன்றும் புரண்டன. இப்போது வாசல் சொல்வது: "வருபவருக்குத் துயரம் உண்டு, மகிழ்ச்சி இல்லை."

வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன். "விருந்தில் சோறு உண்டு, கல் இல்லை" என்பதை இப்படிப் புரட்டினால், "கல் உண்டு, சோறு இல்லை." எந்த விருந்தாளி உட்காருவார்?

3. பணி மேற்பார்வையாளர் பொலாத்திடம் காட்டினேன். "டீச்சரம்மா, இத யாரு படிக்கப் போறா? பூவேல நல்லாருக்கா, அத மட்டும் பாருங்க" என்றார். நான் படிக்கிறேனே என்றேன். "அப்ப நீங்க கண்ண மூடிக்கிட்டுப் போங்க!" ஆட்களெல்லாம் சிரித்தார்கள்.

4. அடுத்ததை எழுதக் கை கூசுகிறது. மேல்வரிசையில் "ஆட்சி அல்லாஹ்வுக்கே" என்று இரண்டு ஓடுகள் இருந்தன. "ஆட்சி" மட்டும் மேலே இருக்கிறது. மற்றது, பயணிகளுக்கான புதிய கழிப்பறையின் படியில். சிறுநீரில் நனைந்த செருப்புகள் இறைவன் பெயரின்மேல் ஏறி இறங்குகின்றன. ஈரத் துடைப்பத்தையும் அங்கேதான் உதறுகிறார்கள். படியின் நீலத்தோடு நிறம் பொருந்தியதாம்.

5. வரும் ஞாயிறு என் பக்கத்து வீட்டு ஸுல்ஹுமாருக்குத் திருமணம். பழைய எழுத்து அவளுக்குத் தெரியாது. "டீச்சர், வாசல்ல எழுதியிருக்கறத எனக்கு நீங்கதான் சத்தமா படிச்சுச் சொல்லணும். இல்லேன்னா குனியவே மாட்டேன்" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

சாந்து இன்னும் இறுகவில்லை. படியிலுள்ள ஓட்டினை இன்றே பெயர்த்து, கழுவி, அதற்குரிய உயரத்தில் வைக்க ஆணையிடுங்கள். வாசலில் இடம் மாற்ற வேண்டியவை இரண்டே ஓடுகள். ஞாயிறன்று அந்தப் பெண் கேட்கும்போது, சுவரில் இருப்பதைத்தான் என்னால் வாசிக்க முடியும்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
முனவ்வர் ஷரீபோவா

இடம்: தாஷ்குப்ரிக்
நாள்: ஏப்ரல் 9, புதன்