கத்தரிச் செடி காய்த்துவிட்டது

அத்தான்,

புழக்கடைக் கத்தரிச் செடிகளில் காய் குலுங்குகிறது! “சித்திரை வெயிலுக்குத் தாங்காது, பிடுங்கிப் போடு” என்று சண்டை போட்டீர்களே, போய்ப் பாருங்கள்.

செடியடியில் நான் கடலைத் தொலியைப் பரப்பியபோது, குப்பை என்று சிரித்த உங்கள் அக்கா இன்று காலையில் வந்தார்கள். தொலியை விலக்கி மண்ணைத் தொட்டதும், “ஏ பொன்னு, உள்ள அம்புட்டு ஈரமா இருக்கே! என் செடியெல்லாம் வாடுது, அங்கன வந்து பரப்பித் தாயேன்” என்றார்கள். அவர்களோடுதான் திருத்தங்கல் பஸ் ஏறுகிறேன். சாயந்திரம் வந்துவிடுவேன்.

கத்தரிக்காய்க் குழம்பு அடுப்படியில் மூடியிருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

பொன்னுத்தங்கம்

செடிக்கு இன்று தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

தூக்குச்சட்டியில் இருப்பது உங்கள் அச்சாபீஸ் ஆட்களுக்கு. யார் போட்ட தோட்டம் என்று கேட்டால், மறக்காமல் என் பேரைச் சொல்லுங்கள்.